எண்ணிக் கண்ட அணுக்கரு

அணுவின் அமைப்பைச் சொல்லும் பள்ளிப் பாடம் பெரும்பாலும் ஒரே படிவரிசையில்தான் போகிறது. அணுவைப் பிளக்க முடியாது என்றார் டால்டன். தர்ப்பூசணியின் சதைக்குள் விதைகள் இருப்பதுபோல, நேர்மின் கோளத்துக்குள் எலக்ட்ரான்கள் பதிந்திருப்பதாகச் சொன்னார் தாம்சன். ரூதர்ஃபோர்டு மெல்லிய தங்கத் தகட்டின்மீது ஆல்ஃபா துகள்களைச் செலுத்தினார். சில திரும்பி வந்தன. தாம்சனின் அணு அன்றோடு தீர்ந்தது. தேர்வுக்கு இந்தக் கதை போதும். ஆனால் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நடந்ததை ஆண்டுவாரியாகப் பார்த்தால் கதை இவ்வளவு சுருக்கமாக இல்லை. துகள்கள் திரும்பி வருவது தெரிந்தது 1909-ல். அணுவின் நடுவில் ஒரு கரு இருக்கவேண்டும் என்ற கருத்து அச்சேறியது 1911-ல். அதை நம்புவதற்கான கணக்கு முடிந்தது 1913-ல். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் அங்கே பெரும்பாலும் நடந்தது, இருட்டறையில் உட்கார்ந்து ஒளிப்பொட்டுகளை எண்ணும் வேலை. அணுக்கருவை நிலைநாட்டியது அந்த வேலைதான்; திரும்பி வந்த துகள் தந்த வியப்பு அதற்குத் தொடக்கம் மட்டுமே.

முதலில் தாம்சனுக்கு நியாயம் செய்ய வேண்டும். 1897-ல் எலக்ட்ரானை அளந்து காட்டியவர் அவர். 1904-ல் அவர் வெளியிட்ட அணு மாதிரி வெறும் கற்பனைப் படம் அல்ல. கோளத்துக்குள் எலக்ட்ரான்கள் எந்தெந்த வளையங்களாக அமைந்தால் நிலைத்து நிற்கும் என்ற கணக்கு அதில் இருந்தது. ஓர் அணுவிலுள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கை அதன் அணு எடையை ஒட்டியே இருக்கும், ஆயிரக்கணக்கில் இருக்காது என்று 1906-ல் காட்டியவரும் அவரே. துகள்கள் சிதறுவதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது: ஒவ்வோர் அணுவும் துகளைச் சிறிதளவு திருப்பும், ஆயிரம் அணுக்களைக் கடக்கும்போது அந்தச் சிறு திருப்பங்கள் சேர்ந்து பெரிதாகும். 1910-ல் கேம்பிரிட்ஜில் குரௌதர் பீட்டா துகள்களை வைத்துச் செய்த அளவீடுகள் இந்த விளக்கத்தோடு பொருந்துவதாகவே கருதப்பட்டன. ஆக, திரும்பி வந்த துகளைப் பார்த்த மறுகணமே தாம்சனின் மாதிரியைக் கைவிட யாருக்கும் கட்டாயம் இருக்கவில்லை.

ரூதர்ஃபோர்டு 1907-ல் மான்செஸ்டருக்கு வந்தபோது கைகர் என்ற இயற்பியலாளர் ஏற்கெனவே அங்கே இருந்தார். ஆல்ஃபா துகள்களை ஒவ்வொன்றாக எண்ண இருவரும் 1908-ல் வழி கண்டார்கள். ஒன்று, மின்கருவி. மற்றொன்று, துத்தநாக சல்ஃபைடு பூசிய சிறு திரை. ஆல்ஃபா துகள் ஒன்று அதில் மோதினால் ஒரு நுண்ணிய ஒளிப்பொட்டு தோன்றி மறையும். அதை நுண்ணோக்கியில் பார்த்து எண்ணவேண்டும். அறை முழு இருட்டாக இருக்கவேண்டும்; கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் போல் ஆகும். பொட்டுகள் மிக விரைவாக வந்தால் எண்ணிக்கை தப்பும். மிக அரிதாக வந்தால் கவனம் தப்பும். சற்று நேரம் எண்ணியதும் கண்ணுக்கு ஓய்வு கொடுத்தே ஆகவேண்டும். இரண்டு நிமிடத்திலேயே தாம் சலித்து எழுந்துவிட்டதாகவும், கைகரோ இரவெல்லாம் எண்ணக்கூடியவர் என்றும் ரூதர்ஃபோர்டே நண்பர் ஒருவருக்கு எழுதியிருக்கிறார். இந்த வேலைக்குப் பின்னால் வேறு கைகளும் இருந்தன. ஆல்ஃபா துகள் ஊடுருவிப் போகுமளவுக்கு மெல்லிய சுவர் கொண்ட கண்ணாடிக் குழாய்களை ஊதித் தந்தவர் பௌம்பாக். கருவிகளைச் சமாளித்தவர் ஆய்வுக்கூட உதவியாளர் வில்லியம் கே. ரேடியம் வியன்னா அறிவியல் கழகத்திடமிருந்து கடனாக வந்தது.

இந்தப் பழக்கத்துக்குள்தான் 1909-ல் மார்ஸ்டன் என்ற இருபது வயது மாணவர் வந்தார். துகள்கள் பெருங்கோணத்தில் சிதறுகின்றனவா என்று பார்க்கும் வேலை அவருக்குத் தரப்பட்டது. சிதறின. பிளாட்டினத்தில் ஏறத்தாழ 8,000 துகள்களுக்கு ஒன்று திரும்பி வந்தது. எடை மிகுந்த உலோகங்களில் இது கூடுதலாக இருந்தது. தகட்டின் தடிமனைக் கூட்டியபோது ஓரளவு வரை எண்ணிக்கையும் கூடியது. எனவே துகள்களைத் திருப்பியது தகட்டின் மேற்பரப்பு மட்டுமல்ல என்று தெரிந்தது. ஆனால் இதற்கு என்ன பொருள் என்று சொல்ல ரூதர்ஃபோர்டுக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிடித்தது. 1911 மே மாதக் கட்டுரையில் அவர் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். 0.00004 சென்டிமீட்டர் தடிமனுள்ள தங்கத் தகட்டைக் கடக்கும் துகள் பெரும்பாலும் 0.87 பாகைதான் விலகுகிறது. அதே தகட்டில் 20,000-க்கு ஒன்று சராசரியாக 90 பாகை விலகுகிறது. சிறு திருப்பங்கள் தற்செயலாகச் சேர்ந்து அந்த 90 பாகையைத் தருவதென்றால், அதற்கான வாய்ப்பு இல்லையென்றே சொல்லுமளவுக்குக் குறைவு. ஆகவே ஒரே மோதலில், அணுவின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த இடத்தில் குவிந்த மின்னூட்டத்தால் அது நடந்திருக்கவேண்டும். அந்த மின்னூட்டம் நேரா எதிரா என்பதைக்கூட அந்தக் கட்டுரை முடிவு செய்யவில்லை. அதே ஆண்டின் இறுதியில் பிரஸ்ஸல்ஸில் கூடிய முதல் சால்வே மாநாட்டில் ரூதர்ஃபோர்டு கலந்துகொண்டார். புதிய அணு அங்கே விவாதப் பொருளாகவே இல்லை.

1911 கட்டுரையின் உண்மையான பலம், தன்னைப் பொய்யாக்கும் வழியையும் சேர்த்தே சொன்னதில் இருக்கிறது. விலகு கோணத்தில் பாதியின் சைன் மதிப்பை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், சிதறும் துகள்களின் எண்ணிக்கை அதற்கு எதிர்விகிதத்தில் இருக்கவேண்டும். தடிமனுக்கு நேர்விகிதத்தில் இருக்கவேண்டும். வேகத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கவேண்டும். கைகரும் மார்ஸ்டனும் இவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பொட்டுகளை எண்ணினார்கள். 1913-ல் வெளிவந்த தங்கத்துக்கான அட்டவணையில் 150 பாகையில் எண்ணிக்கை 33.1, 60 பாகையில் 477, 15 பாகையில் 1,32,000. விதி சொல்லும் மதிப்பால் இவற்றை வகுத்தால் வருவது முறையே 28.8, 29.8, 38.4. எண்ணிக்கை 4,000 மடங்கு மாறியபோதும் ஈவு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே நகர்ந்தது. அணுக்கருவுக்குக் கிடைத்த உறுதியான சான்று இதுதான்.

இதற்கு மறுப்புகள் உண்டு. டோக்கியோவில் நாகவோகா 1904-லேயே, நடுவில் பெரிய நேர்மின் பொருளும் சனிக்கோளின் வளையம்போல் சுற்றும் எலக்ட்ரான்களும் கொண்ட அணுவை முன்வைத்தார்; ரூதர்ஃபோர்டும் 1911-ல் அதைக் குறிப்பிட்டார். அப்படியானால் எண்ணும் வேலைக்கு முன்பே படம் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் தங்கத் தகட்டுக்குப் பின்னால் நிமிடத்துக்கு எத்தனை பொட்டுகள் தெரியவேண்டும் என்று அந்தப் படம் சொல்லவில்லை. ஆகவே அதை ஏற்கவும் மறுக்கவும் எவராலும் முடிந்தது. இரண்டாவது மறுப்பு வலுவானது: விதியைத் தந்தது ரூதர்ஃபோர்டின் மூளை, எண்ணியவர்கள் அதைச் சரிபார்த்தவர்கள் மட்டுமே என்பது. விதி இல்லாமல் எண்ணிக்கைக்குப் பொருள் இருந்திருக்காது என்பது மெய். ஆனால் அந்த விதியின் வடிவத்தைப் பாருங்கள். குறிப்பிட்ட கோணத்தில், குறிப்பிட்ட பரப்புள்ள திரையில் எத்தனை துகள் விழும் என்பதே அதன் விடை. எண்ணும் திரை ஏற்கெனவே கைப்பழக்கமாகிவிட்ட கூடத்தில்தான் கேள்வி இந்த உருவில் எழும்.

அணுக்கரு வெற்றி பெற்றது இயற்பியலாளர் நீல்ஸ் போரால்தானே என்ற மூன்றாவது கேள்வியும் எழலாம். சுற்றும் எலக்ட்ரான் ஆற்றலை இழந்து கருவுக்குள் விழவேண்டுமே என்ற சிக்கலுக்கு எண்ணிக்கையில் விடை இல்லை. 1912-ல் மான்செஸ்டருக்கு வந்துபோன போர், 1913-ல் மூன்று கட்டுரைகளில் வேறு வழியில் அதற்கு விடை தேடினார். ஆனால் பொட்டுகளின் கணக்கு அங்கும் தொடர்ந்தது. கருவின் மின்னூட்டம் அணு எடையில் ஏறத்தாழப் பாதி என்று கைகரும் மார்ஸ்டனும் 20 விழுக்காடு பிழைக்கு இடம்விட்டுச் சொன்னார்கள். அந்த எண்களை எடுத்துக்கொண்டு வான் டென் புரூக் என்பவர், மின்னூட்டம் தனிம அட்டவணையில் உள்ள வரிசை எண்ணாகவே இருக்கலாம் என்றார். தங்கத்துக்கு முதலில் சுமார் 100 என்று கணக்கிட்ட இடத்தில் 79 வரவேண்டும். அதே மான்செஸ்டர் கூடத்தில் பணியாற்றிய மோஸ்லி 1913, 1914 ஆண்டுகளில் எக்ஸ் கதிர் அளவீடுகளால் அந்த வரிசை எண்ணை உறுதிசெய்தார். எண்ணியவர்கள் ஒப்புக்கொண்ட பிழையின் எல்லையை ஒட்டியே சரியான விடை இருந்தது.

பாடநூலின் படிவரிசையில் ஒரு படத்தை அடுத்த படம் விரட்டுவதாகத் தோன்றும். ஆகவே நாளை இன்னொரு படம் வந்து இதையும் விரட்டும் என்று மாணவர் நினைப்பதில் வியப்பில்லை. படங்கள் மாறத்தான் செய்தன. போரின் வட்டப் பாதைகளும் பின்னர் கைவிடப்பட்டன. 1913 அட்டவணையின் எண்கள் கைவிடப்படவில்லை; பின்னால் வந்த குவாண்டம் கோட்பாடும் அதே சிதறல் விதியைத்தான் தருகிறது. அந்த அட்டவணையை வகுப்பில் கொடுத்து, ஒவ்வொரு கோணத்தின் எண்ணிக்கையையும் விதி சொல்லும் மதிப்பால் மாணவர்களே வகுத்துப் பார்க்கச் செய்தால், அணுவுக்குக் கரு உண்டு என்பதை ஆசிரியர் சொன்னதற்காக ஏற்காமல் கணக்கு சொன்னதற்காக ஏற்பார்கள்.