விடுதியில் பிறந்த மொழி

1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் பள்ளி ஆசிரியர்களின் மாநாடு கூடியது. பாரிஸில் நூறு ஆண்டுக்கும் மேலாகச் சைகையில் பாடம் நடந்திருந்தது. அதெல்லாம் இனி வேண்டாம், பிள்ளைகள் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும், வாயால் பேசப் பழகட்டும் என்று மாநாடு தீர்மானம் போட்டது. அரங்கில் இருந்த காது கேளாதவர்களை ஒரு கை விரல்களிலேயே எண்ணிவிடலாம். அந்தத் தீர்மானம் கப்பல் ஏறி இந்தியாவுக்கும் வந்தது.

இங்கே அப்போதுதான் பள்ளிகள் முளைத்துக்கொண்டிருந்தன. 1880-களில் பம்பாயில் ஒன்று, 1893-ல் கல்கத்தாவில் ஒன்று. 1895-ல் பாளையங்கோட்டையில் ஃப்ளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷனரிப் பெண்மணி ஒரு பள்ளியைத் தொடங்கினார். அவர் பெயரிலேயே அது இன்றும் நடக்கிறது. காலப்போக்கில் நாட்டின் பெரும்பாலான பள்ளிகள் வாய்ப்பேச்சு வழியையே பிடித்துக்கொண்டன. ஆனால் பிள்ளைகள் தூரத்து ஊர்களிலிருந்து வந்தார்கள். ஆகவே வகுப்பறையோடு விடுதியும் கட்ட வேண்டியிருந்தது. எல்லாம் அங்கேதான் மாறிப்போனது.

காது கேளாத குழந்தைகளில் பெரும்பாலானோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். ஊரில் தனியாக இருந்தவரை, அம்மாவுக்கு மட்டும் புரிகிற சில சைகைகளே அவர்களிடம் இருந்தன. அப்படிப்பட்டவர்கள் பலர் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தார்கள். வகுப்பில் கையை அசைக்கக் கூடாது. சாப்பாட்டு வரிசையிலும் ராத்திரி வராந்தாவிலும் யார் பார்த்தார்கள்? பெரிய பிள்ளைகளிடமிருந்து சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மொழி இறங்கியது. ஆசிரியரோ பாடநூலோ இல்லாமல் அது வளர்ந்தது. அதற்கு ஒரு பெயர்கூட இல்லை.

வீட்டில் வேறோர் அச்சம் இருந்தது: கை பழகிவிட்டால் வாய் வராது. பேச்சு மொழிகள் பல சேர்ந்து புழங்கிய இடங்களிலோ கதை வேறு. எடுத்துக்காட்டாக, 1956-க்குப் பிறகு எழுந்த நெய்வேலி நகரியத்தின் வட்டங்களில் தமிழோடு தெலுங்கும் மலையாளமும் இந்தியும் கேட்டன. வீட்டில் ஒரு மொழி, பக்கத்து வீட்டில் இன்னொன்று, பள்ளியில் ஆங்கிலம் என்று பிள்ளைகள் வளர்ந்தார்கள். குழம்பிவிடுவார்களே என்று யாரும் பதறவில்லை. சைகை மொழிக்கு மட்டும் ஏன் அந்தப் பதற்றம்? அதற்கு விடை வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

முதல் திருப்பம் இமாசலத்துக் கிராமத்துப் பையன் ஒருவனால் வந்தது. பதினோரு வயதில் கேட்கும் திறனை இழந்த மதன் வசிஷ்டா, 1967-ல் அமெரிக்காவின் காலடெட் கல்லூரிக்குப் போனார். பத்தாண்டு கழித்து ஜேம்ஸ் வுட்வர்ட் முதலிய ஆய்வாளர்களோடு இந்தியா வந்து கேட்டபோது, இங்கே சைகை மொழி என்று ஒன்று இல்லவே இல்லை என்றன பல பள்ளிகள். குழு அதை நம்பாமல் தில்லி, பம்பாய், கல்கத்தா, பெங்களூர் என்று போய்ச் சைகைகளைத் திரட்டியது. ஊருக்கு ஊர் வேறுபாடு இருந்தாலும் பெரும்பங்கு பொதுவாக இருந்தது.

1991-ல் கனடாவிலிருந்து அடுத்த செய்தி. காது கேளாத பெற்றோரிடம் வளர்ந்த காது கேளாத குழந்தைகள் மழலையைக் கையால் பேசுவதை லாரா ஆன் பெட்டிட்டோ கண்டறிந்தார். பேச்சும் சைகையும் சேர்ந்து புழங்கும் வீட்டில் வளரும், காது கேட்கும் குழந்தைகள் இரண்டையும் உரிய காலத்திலேயே கற்றுக்கொள்வதை அவர் குழுவின் பிந்தைய ஆய்வு காட்டியது. வாய் வராமல் போகவில்லை. ஜெர்மானிய ஆய்வாளர் உல்ரிகே செஷான் 2000-ல் வெளியிட்ட நூல் இன்னொரு வியப்பைத் தந்தது: கராச்சியிலும் தில்லியிலும் கைகள் பேசியது ஒரே இலக்கணம். 'என்ன', 'யார்' போன்ற கேள்விச் சைகை வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். பிரிவினைக்கு அந்த மொழி தப்பியிருந்தது.

மிலான் மாநாட்டின் அதே வரிசையில் 2010-ல் வான்கூவரில் கூடிய மாநாடு மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. நூற்று முப்பது ஆண்டு தாமதம்! மறு ஆண்டே தில்லியில் இக்னோ பல்கலைக்கழகத்தின் கீழ் இந்திய சைகை மொழி ஆய்வு மையம் பிறந்தது; 2013-ல் மூடப்பட்டது. 2015-ல் அதை வேறொரு நிறுவனத்தின் தில்லிக் கிளையோடு இணைக்க அரசு முடிவெடுத்தபோது, காது கேளாதோர் எதிர்த்துப் போராடினார்கள். அரசு இறங்கி வந்தது. செப்டம்பர் 28-ல் மையம் தனி அமைப்பாயிற்று.

அங்கேதான், 2016 அக்டோபரில், விடுதி வராந்தாக்களின் மொழிக்கு ஒவ்வொரு சொல்லாகக் கேமரா திரும்பியது. 2018 மார்ச் 23-ல் 3,000 சொற்களோடு வெளியானது இந்திய சைகை மொழி அகராதி. 2021-ல் சொற்கள் 10,000 ஆயின. எந்த ஊர் அம்மாவும் கைபேசியிலேயே பார்த்துப் பழகக்கூடிய காணொளிகள் அவை.

அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் இந்திய சைகை மொழிக்கு இன்னும் இடமில்லை.