ஸ்டியரிங் பிடித்த பினாமி

பேங்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு 'பினாமி' என்ற சொல் புதிதில்லை. பணம் ஒருத்தருடையது, பத்திரத்தில் பெயர் இன்னொருத்தருடையது. இதைத் தடுக்க 1988ல் ஒரு சட்டம் வந்தது. மோட்டார் வாகனச் சட்டமும் அதே 1988ல் வந்ததுதான். அதில் 133ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், வண்டி ஏதாவது தப்பில் மாட்டி, ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால், சொந்தக்காரர் ஓட்டியவரின் பெயர், விலாசம், லைசென்ஸ் விவரம் எல்லாம் சொல்லியாக வேண்டும். அதாவது ஸ்டியரிங்கிலும் பினாமி கூடாது!

எங்கள் திலக் நகரில் பழைய கட்டடங்கள் போய் டவர்கள் வந்த பிறகு கார்கள் பெருகிவிட்டன. இ-சலான் நேராகப் போனுக்கு வருகிறது. திட்டிக்கொண்டே பணத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். ஆனால் லண்டனிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் சொந்தக்காரர்களுக்கு அபராதத்தோடு புள்ளியும் ஏறும். பிரிட்டனில் மூன்று வருடத்துக்குள் 12 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸுக்கு ஆபத்து. சிங்கப்பூரில் 24 மாதத்தில் 24. அப்போதுதான் வீட்டில் அந்தக் கேள்வி வரும். "உன் லைசென்ஸ் சுத்தமாத்தானே இருக்கு, உன் பேரைப் போட்டுடலாமா?"

இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

முதலில் இங்கிலாந்து. 2003 மார்ச்சில் கிறிஸ் ஹியூன் என்ற அரசியல்வாதியின் கார் எம்11 நெடுஞ்சாலையில் வேகக் கேமராவில் சிக்கியது. ஏற்கெனவே புள்ளிகள் சேர்ந்திருந்ததால் லைசென்ஸ் போய்விடும் நிலை. ஓட்டியது மனைவி விக்கி பிரைஸ் என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்று புள்ளி அந்த அம்மாள் கணக்கில் ஏறியது. 2010ல் கணவர் வேறொரு பெண்ணுக்காகப் பிரிந்து போனார். 2011ல் விஷயம் பத்திரிகைக்கு வந்தது. அப்போது ஹியூன் மத்திய மந்திரி. 2012ல் பதவி போனது. 2013 மார்ச்சில் இரண்டு பேருக்கும் தலா எட்டு மாதம் ஜெயில். வேகமாகப் போனதற்கு அல்ல, நீதியின் போக்கைத் திரித்ததற்கு.

அந்த வழக்கில் எனக்கு முக்கியமாகப் பட்டது பிரைஸ் சொன்ன பதில். 'கணவரின் வற்புறுத்தல்' என்று ஒரு பழைய வாதத்தை அவர் எடுத்தார். ஒரு காலத்தில் அங்கே, கணவன் பக்கத்தில் இருக்கும்போது மனைவி குற்றம் செய்தால் அவன் சொல்லித்தான் செய்தாள் என்று சட்டமே வைத்துக்கொள்ளும். 1925ல் அதை மாற்றி, மனைவிதான் நிரூபிக்க வேண்டும் என்றார்கள். பிரைஸோ பெயர்பெற்ற பொருளாதார நிபுணர். ஜூரி அவர் வாதத்தை ஏற்கவில்லை. 2014ல் அந்த வாதமே சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

ஆஸ்திரேலியாவில் மார்கஸ் ஐன்ஃபெல்ட் என்ற ஓய்வுபெற்ற நீதிபதி இன்னும் ஒரு படி மேலே போனார். 2006ல் வெறும் 77 டாலர் அபராதம். காரை ஓட்டியது வெளிநாட்டிலிருந்து வந்திருந்த தோழி என்று கோர்ட்டில் சத்தியம் செய்தார். அந்தத் தோழி 2003லேயே இறந்துவிட்டார் என்பதை ஒரு பத்திரிகை கண்டுபிடித்தது. 2009ல் அவருக்கு மூன்று வருட தண்டனை, அதில் இரண்டு வருடமாவது உள்ளே இருக்க வேண்டும்.

அடுத்து சிங்கப்பூர். வொஃபிள்ஸ் வூ என்ற பிரபல பிளாஸ்டிக் சர்ஜன், 2005லும் 2006லும் வேகமாகப் போனதற்குத் தன்னிடம் வேலை பார்த்த ஒரு முதியவரைப் பழி ஏற்க வைத்தார். 2012ல் கோர்ட் அவருக்கு 1,000 வெள்ளி அபராதம் விதித்தது. மற்றவர்களுக்கு ஜெயில், இவருக்கு மட்டும் அபராதமா என்று ஊரே கேட்டது. சட்ட அமைச்சர் கே. சண்முகம் நாடாளுமன்றத்தில் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. முதியவருக்குப் பணம் கொடுத்ததாக ஆதாரம் இல்லை என்பது அரசுத் தரப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. எனக்கு இது விசித்திரமாகப் பட்டது. தனியாகப் பணம் எதற்கு? மாதாமாதம் சம்பளம் போய்க்கொண்டுதானே இருந்தது!

இப்போது நம்ம பம்பாய். இங்கே கதை புள்ளியில் ஆரம்பிக்கவில்லை, உயிரில் ஆரம்பித்தது. 2002 செப்டம்பர் 28, பாந்த்ரா. நடிகர் சல்மான் கானின் கார் நடைபாதையில் தூங்கியவர்கள் மேல் ஏறி ஒருவர் இறந்தார், நான்கு பேருக்குக் காயம். 2015ல் அவர் குடும்ப டிரைவர் கோர்ட்டுக்கு வந்து "நான்தான் ஓட்டினேன்" என்றார். செஷன்ஸ் கோர்ட் அதை நம்பாமல் மே மாதம் நடிகருக்கு ஐந்து வருடம் கொடுத்தது. டிசம்பரில் ஹைகோர்ட், அவர்தான் ஓட்டினார் என்பது சந்தேகமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை செய்தது. ஓட்டியது யார் என்று நான் சொல்ல வரவில்லை. பதின்மூன்று வருட விசாரணைக்குப் பிறகும் அந்தக் கேள்வி முடியவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

2024 மே மாதம் புனேயில் சொகுசுக் கார் மோதி இரண்டு இளம் என்ஜினியர்கள் இறந்தார்கள். ஓட்டியது பதினெட்டு வயது நிரம்பாத பையன் என்கிறது போலீஸ். பழியை ஏற்கச் சொல்லிக் குடும்ப டிரைவரை வீட்டில் அடைத்து வைத்தார்கள் என்று பையனின் அப்பா மேலும் தாத்தா மேலும் தனி வழக்கு. குற்றச்சாட்டுதான், முடிவு கோர்ட்டின் கையில். ஆனால் அந்த டிரைவர் தானே புகார் கொடுத்தார் பாருங்கள், அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

ஏன் என்றால், இங்கிலாந்து மனைவிக்காவது 2014 வரை ஒரு வாதம் இருந்தது. நம்ம டிரைவருக்கு அதுவும் கிடையாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 94ஆம் பிரிவும் சரி, 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தின் 32ஆம் பிரிவும் சரி, அந்த நிமிஷமே உயிர் போகும் என்ற மிரட்டல் இருந்தால்தான் மன்னிக்கும். வேலை போய்விடும், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் நின்றுவிடும் என்ற பயமெல்லாம் கணக்கில் வராது.

பேங்க்கில் ஜாமீன் கையெழுத்துப் போட வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று பழகிவிட்டது. கடன் வாங்குபவரைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "நீங்க இஷ்டப்பட்டுத்தான் போடறீங்களா?" என்று கேட்பேன். சிலர் உடனே தலையாட்டுவார்கள். சிலர் வாசலைப் பார்ப்பார்கள்.

லண்டனிலோ சிட்னியிலோ உங்கள் வீட்டுக்கும் அந்த ஃபாரம் வரலாம். மனைவியோ, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவோ, கடையில் வேலை பார்க்கும் பையனோ "சரி, என் பேரைப் போட்டுக்கோங்க" என்பார்கள். அவர்களால் முடியாது என்று சொல்ல முடியுமா என்று யோசித்துவிட்டு, ஓட்டியவர் பெயரையே எழுதுங்கள். மூன்று புள்ளிதானே, காலப்போக்கில் கழிந்துவிடும்.