தமிழ்நாட்டுக் கடலோரக் காவல்: படகுகளும் சட்ட அமலாக்கமும்

குற்றாலத்தில் அருவியாக இறங்கும் சிற்றாறு, தென்காசியைக் கடந்து தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவைச் சேர்கின்றது. ஆற்றில் மணல் அள்ளுபவரைக் கரையில் நின்றே காவலர் தடுத்துவிட இயலும். கடலில் அது இயலாது. காவலர் நிற்பதற்குரிய இடத்தையே அங்கு அரசு முதலில் அளிக்க வேண்டியுள்ளது, அவ்விடம் படகு. தமிழ்நாட்டுக் காவல்துறை அப்படகுகளைப் பெற்ற வரலாற்றையும், அவை எச்சட்டத்திற்குப் பயன்பட்டன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டது. இலங்கை உள்நாட்டுப் போரின் சூழலில் ஆயுதமேந்தியோர் ஊடுருவுவதையும் பொருள்கள் கடத்தப்படுவதையும் தடுப்பதே அதன் நோக்கம். அன்றாட மீன்பிடிச் சட்டம் அந்நோக்கத்தின் மையத்தில் இல்லை. பின்னர் வந்த கருவிகளைப் புரிந்துகொள்ள இதனை மனத்திற்கொள்ளுதல் வேண்டும்.

2008ஆம் ஆண்டு மும்பைத் தாக்குதலின் விளைவாகவே கடலோரக் காவல் திட்டம் பிறந்தது என்னும் கருத்து பரவலாக உள்ளது. அது பிழை. கார்கில் போருக்குப் பின் அமைந்த அமைச்சர்கள் குழு, கடலோரக் காவல் நிலையங்களை 2001ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. 2005ஆம் ஆண்டு நடுவணரசு ஒப்புதல் வழங்கிய முதற்கட்டத்தில் நாடு முழுமைக்கும் 73 நிலையங்களும் 204 படகுகளும் ஒதுக்கப்பட்டன. தமிழ்நாட்டின் பங்கு 12 நிலையங்கள், 24 படகுகள். கோவா கப்பல் கட்டும் தளத்திலும் கொல்கத்தாவின் கார்டன் ரீச் தளத்திலும் கட்டப்பட்ட இப்படகுகள் 12 டன், 5 டன் என இரு வகையின. மும்பை தாக்கப்பட்டபோது திட்டம் முழுமையாக நிறைவேறியிருக்கவில்லை. படகுகள் 2009ஆம் ஆண்டில்தான் வரத் தொடங்கின. 1,076 கி.மீ. எனக் கணக்கிடப்பட்டுவந்த கடற்கரைக்கு 24 படகுகள் என்றால், ஏறத்தாழ 45 கி.மீ.க்கு ஒரு படகு. அனைத்தும் பழுதின்றி ஒரே வேளையில் கடலில் இருந்தால் மட்டுமே இக்கணக்குப் பொருந்தும்.

எண்ணிக்கையைவிட வரிசைமுறையே இங்கு முதன்மையானது. முதற்கட்டத்தில் படகுத்துறைகளுக்கு இடமில்லை. 2011ஆம் ஆண்டு தொடங்கிய இரண்டாம் கட்டத்தில்தான் 131 நிலையங்கள், 225 படகுகளுடன் 60 படகுத்துறைகளும் சேர்க்கப்பட்டன. தமிழ்நாட்டுக்கு மேலும் 30 நிலையங்களும் 20 படகுகளும் கிடைத்தன. அதுவரை காவல் படகுகள் மீன்பிடித் துறைமுகங்களையே சார்ந்திருக்க நேர்ந்தது. விசைப்படகுகளின் அருகில் கட்டப்பட்ட காவல் படகு புறப்படுவதை முதலில் அறியக்கூடியவர், கண்காணிக்கப்பட வேண்டியவரே ஆவார்.

இக்கரையில் நாள்தோறும் நிகழும் பூசல் ஊடுருவல் பற்றியதன்று, வலை பற்றியது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ், கரையிலிருந்து 3 கடல் மைல் வரையுள்ள நீர்ப்பரப்பு நாட்டுப்படகுகளுக்கு உரியது. விசைப்படகு இவ்வெல்லையை மீறும்போது அறுபடுவது நாட்டுப்படகு மீனவரின் வலை. சுருக்குமடி வலைக்கு 2000ஆம் ஆண்டு விதிக்கப்பட்ட தடையும் இத்தகைய பூசலோடு தொடர்புடையதே. ஆயினும் இம்மீறல்களை விசாரித்துத் தண்டம் விதிக்கும் பொறுப்பு மீன்வளத் துறைக்கு உரியது. படகு ஒரு துறையிடமும் சட்டம் மற்றொரு துறையிடமுமாகப் பிரிந்து நின்றன. பின்னாளில் மீன்வளத் துறை, காவலர்களை அயற்பணியில் பெற்றுக் கடல் அமலாக்கப் பிரிவு ஒன்றைத் தனியே அமைத்துக்கொண்டது.