ஒரு டாலர் ஆட்டக்காரன்

'உச்சவரம்பு' என்ற சொல்லை நிலத்தோடு சேர்த்தே கேட்டுப் பழகியவர்கள் நாம். அங்கே அது உடைமைக்கு விதிக்கப்படும் எல்லை. அமெரிக்க பேஸ்பாலில் அதே சொல்லைக் கூலியின் தலைமேல் ஏற்றப் பார்த்தார்கள், அதுவும் சமத்துவத்தின் பேரால். பணக்கார அணி எல்லாரையும் வளைத்துப் போட்டுவிடக் கூடாதாம்.

மைதானத்தில் இது எடுபடவில்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரனை அணியோடு கட்டிவைக்கும் 'ரிசர்வ்' ஷரத்து 1879இல் தொடங்கியது. 1969இல் தன்னைக் கேட்காமலே செயின்ட் லூயிஸிலிருந்து பிலடெல்பியாவுக்கு மாற்றியதை எதிர்த்து கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பின வீரர் வழக்குக்குப் போனார். 1972இல் உச்சநீதிமன்றத்தில் தோற்றார். 1975 டிசம்பரில் மத்தியஸ்தர் பீட்டர் சைட்ஸின் தீர்ப்பு அந்த ஷரத்தை முறித்தது. 1994இல் முதலாளிகள் ஊதிய உச்சவரம்பு கேட்டார்கள். வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1995இல் உச்சவரம்பு இல்லாமலேதான் களம் திரும்பினார்கள்.

காகிதத்தில் நடந்தது வேறு. 1980இல் எழுத்தாளர் டேனியல் ஓக்ரன்டும் நண்பர்களும் ஒரு நியூயார்க் உணவகத்தின் பெயரில் 'ரொட்டிசெரி' லீகைத் தொடங்கினார்கள். நிஜ ஆட்டங்களின் புள்ளிவிவரங்களை வைத்துக் கற்பனை அணிகள் மோதும். ஆளுக்கு 260 டாலர், 23 வீரர்கள் என்பது நிலைபெற்ற விதி. எல்லாரையும் ஏலத்தில்தான் எடுக்கணும். குறைந்த கேள்வி ஒரு டாலர்.

விலை எப்படிப் பிறக்கிறது? ஒருவனின் திறமையால் மட்டும் அல்ல. கடைசியாக ஒரு டாலருக்குப் போகிறவனை விட அவன் எவ்வளவு கூடுதல் என்பதால். 23 இடத்துக்கும் ஒவ்வொரு டாலர் ஒதுக்கினால் மீதி 237. போட்டி முழுக்க அதற்குத்தான். 'அடிமாட்டு விலைக்கு அமுக்கிட்டேன்' என்பதே இங்கே பெரிய சந்தோஷம். கொடுத்த விலைக்கும் கிடைத்த ஆட்டத்துக்கும் உள்ள இடைவெளிதான் வெற்றி. உபரி பற்றிய பாடம்தான், ஆனால் முதலாளியின் நாற்காலியிலிருந்து. அடுத்த ஆண்டும் அதே ஆளைப் பழைய விலைக்கே வைத்துக்கொள்ளலாம் என்றொரு விதியும் உண்டு. ஃப்ளட் எதிர்த்த ஷரத்து இப்படிக் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது.

விளையாட்டுதானே, எந்த வீரனின் சம்பளமும் இதனால் குறையவில்லையே என்பார்கள். சரிதான். ஆனால் இங்கே எல்லாரும் முதலாளி. ஃப்ளட்டாக யாரும் ஆட முடியாது. இதன் மூதாதையான 'பேஸ்பால் செமினார்' என்ற ஆட்டத்தை 1960இல் தொடங்கியவர் சமூகவியலாளர் வில்லியம் காம்சன். 1965இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வியட்நாம் போருக்கு எதிரான முதல் 'டீச்-இன்'னை அமைத்தவர்களில் ஒருவர். எதிர்ப்பியக்கங்களின் வியூகம் குறித்து 1975இல் நூலும் எழுதினார். அவருடைய ஆட்டத்திலும் வீரர் சங்கத்துக்கு இடமில்லை.

1994 ஆகஸ்ட் 12இல் வீரர்கள் மட்டையைக் கீழே வைத்தார்கள். அந்தப் பருவம் மீண்டும் தொடங்கவே இல்லை; உலகத் தொடரும் நடக்கவில்லை. எண்கள் வருவது நின்றதும் 260 டாலர் முதலாளிகளின் கணக்கும் அன்றோடு நின்றுபோனது.