பொம்மைச் சிப்பாய்க்கு ஒரு முகம்

'பாளையம்' என்று முடிகிற ஊர்கள் நம்மிடம் எத்தனை! கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையோரம் இருக்கிற நாட்றாம்பாளையமும் அதில் ஒன்று. பாளையம் என்றால் படை இறங்கித் தங்குகிற இடம். இந்தப் பக்கம் நிஜப் படைகளுக்கும் பஞ்சமே இருந்ததில்லை. 1791-ல் திப்பு சுல்தானோடு நடந்த போரில் கம்பெனிப் படை ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்தது. கிருஷ்ணகிரிக் கோட்டையிடம் மட்டும் மூக்குடைபட்டுத் திரும்பியது.

கம்பெனிச் சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டு. திப்புவின் ஆளுக்குப் புலிவரிச் சட்டை. வெறும் அழகுக்காகவா? துப்பாக்கிப் புகை மண்டிக் கிடக்கும்போது நம்மாள் யார், எதிராளி யார் என்று தெரிய வேண்டாமா?

அதே வேலையை இன்று கட்டைவிரல் உயரப் பொம்மைகளுக்குச் செய்கிறார்கள். அதுவும் எப்பேர்ப்பட்ட பொம்மைகள்! கவசம் போட்ட விண்வெளி வீரர்கள், வேற்றுக்கிரக ஜந்துக்கள். ஆட்டத்தின் பெயர் 'வார்ஹேமர் 40,000'. இன்னும் முப்பத்தெட்டாயிரம் வருஷம் கழித்து நடக்கிற சண்டையாம்!

'வெள்ளைக்காரன் விளையாட்டு, நமக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மூலக்கதை நம்முடையது. யானை, குதிரை, தேர், காலாள் என்று நால்வகைப் படையை ஒரு பலகைக்குள் அடக்கிய சதுரங்கம் இங்கிருந்து பாரசீகம் போய், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. 1780-ல் ஹெல்விக் என்ற ஜெர்மானியர் அதே சதுரங்கத்தைப் பெரிதாக்கி, மலை, ஆறெல்லாம் சேர்த்துப் போர் விளையாட்டாக்கினார். 1824-ல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய ராணுவ அதிகாரி, நிஜ வரைபடத்தின் மேல் நீலம், சிவப்பு என்று கட்டைகளை நகர்த்திப் பழகும் முறையைக் கொண்டுவந்தார். தளபதிகளுக்கு ஏகக் குஷி. பின்னே? ஒரு கட்டை என்றால் ஒரு படைப்பிரிவு. கட்டையை எடுத்து ஓரமாக வைத்தால் அத்தனை பேரும் காலி. ரத்தமும் இல்லை, முகமும் இல்லை.

அந்த ஆட்டத்தைச் சாதாரண ஜனங்களிடம் கொண்டுவந்தவர், 'கால இயந்திரம்' கதை எழுதிய அதே எச்.ஜி.வெல்ஸ்! 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகமே போட்டார். ஈயச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி, பொம்மை பீரங்கியால் சுட்டு விழுத்தும் விளையாட்டு. பெரிய மனிதர்கள் இப்படிப் பொம்மைச் சண்டையோடு நிறுத்திக்கொண்டால் உலகம் பிழைக்கும் என்பது அவர் வாதம். யார் கேட்டார்கள்? அடுத்த வருஷமே முதல் உலகப்போர். இந்தியாவிலிருந்து மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல் கடல் கடந்து போனார்கள். சுமார் 74 ஆயிரம் பேர் திரும்பவே இல்லை.

இனி வியாபாரக் கணக்கு. 1975-ல் லண்டனில் மூன்று நண்பர்கள் தொடங்கிய கேம்ஸ் வொர்க்ஷாப், 1987-ல் வார்ஹேமர் 40,000-ஐக் கொண்டுவந்தது. அந்தக் காலத்து ஈயச் சிப்பாய் வர்ணம் பூசித்தான் கடைக்கு வந்தான். இவர்கள் விற்பதோ பெரும்பாலும் வெறும் பிளாஸ்டிக் துண்டுகள். நீங்களே ஒட்டணும், நீங்களே வர்ணம் தீட்டணும். அந்த வர்ணத்தையும் பிரஷ்ஷையும் அவர்களே தனியாக விற்பார்கள்! கூலி கொடுத்துச் செய்யவேண்டிய வேலையை, காசு வாங்கிக்கொண்டு வாடிக்கையாளர் தலையில் கட்டும் சாமர்த்தியம். 2024 டிசம்பரில் அந்தக் கம்பெனி லண்டன் பங்குச்சந்தையின் முதல் நூறு கம்பெனிகள் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டது.

வாங்குகிறவன் ஏமாளியா? அங்கேதான் விஷயமே இருக்கிறது. முதலில் அடிப்பூச்சு. அது காய்ந்ததும் கவசத்துக்கு ஒரு நிறம். பிறகு நீர்த்த கறுப்பை மேலே விட்டால், அது பள்ளங்களில் இறங்கி நிழலாகிவிடும். விளிம்புகளில் வெளிர் நிறம் ஒரு கீற்று. கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணுக்கு ஒரு புள்ளி. ஒரு சிப்பாய்க்கே சில மணி நேரம். இதற்கென்று 'கோல்டன் டீமன்' என்ற போட்டியே 1987-ல் தொடங்கியது.

சதுரங்கத்தில் காலாளை வெட்டுக் கொடுக்க யாராவது யோசிப்போமா? 'போனால் போகுது' என்று தள்ளிவிடுவோம். ராத்திரி கண் விழித்துக் கண் வரைந்த சிப்பாயை அப்படித் தள்ள மனசு வராது. தளபதியின் மேசையில் கட்டையாகிப்போனவனுக்கு, பொம்மைக்காரன் மறுபடி ஒரு முகம் கொடுத்துவிட்டான். வரைபடத்தைப் பார்த்து யுத்தம் முடிவு செய்கிறவர்களையும் முதலில் நாலு பொம்மைக்குக் கண் வரையச் சொல்லலாம். என்ன சொல்கிறீர்கள்?