கொழும்பு மாநகர சபை: வாக்கும் மேயர் பதவியும்

1865ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட கொழும்பு மாநகர சபையின் தேர்தல் வரலாற்றில், எந்தக் கட்சிக்கு எத்தனை ஆசனம் கிடைத்தது என்பதை மட்டும் பார்ப்பவர் பாதியையே அறிவார். அந்த ஆசனங்களைக் கொண்டு மேயரைத் தீர்மானிக்கும் விதி காலத்துக்குக் காலம் மாறியது. விதி மாறியபோது, ஒரேவகையான முடிவும் வேறுவேறு பலனைத் தந்தது.

தொடக்கத்தில் சொத்துத் தகுதி உடையோரே வாக்களிக்க முடிந்தது. தலைமைப் பொறுப்பு மேல் மாகாண அரசாங்க அதிபரிடம், அதாவது குடியேற்ற ஆட்சியின் மாகாண நிருவாகத் தலைவரிடம் இருந்தது. உறுப்பினர்கள் தாமே தெரிவுசெய்த முதல் மேயராக 1937இல் பதவியேற்றவர் தமிழரான வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் கலந்து வாழ்ந்த நகரின் முதல் தெரிவு ஒரு தமிழ் வைத்தியராக அமைந்தது இன்று நினைவுகூரப்படுவது குறைவு என்பது வருந்தத்தக்கது. 1954இல் லங்கா சமசமாஜக் கட்சியின் என். எம். பெரேரா மேயரானார்.

அக்காலத் தேர்தல்கள் வட்டார முறையில் நடந்தன. நகரம் சிறு பிரிவுகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொரு வட்டாரமும் தனக்கென ஓர் உறுப்பினரை அனுப்பியதால், பொரளையின் அடைபட்ட வடிகானுக்கோ அள்ளப்படாத குப்பைக்கோ எவரிடம் முறையிடுவது என்பது அங்கு வசித்தவருக்குத் தெரிந்திருந்தது. 1979 தொடக்கம் நடைமுறைக்கு வந்த விகிதாசார முறை, அதாவது கட்சிகள் பெறும் வாக்குகளின் அளவுக்கேற்ப ஆசனங்களைப் பகிரும் முறை, இந்த உறவை அறுத்தது. நகரம் முழுவதும் ஒரே தொகுதியானது; வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சிதறிக் கிடந்த வாக்குகள் ஒன்றுசேர்ந்து ஆசனமாக வாய்ப்புக் கிடைத்தாலும், தெருவுக்குரிய உறுப்பினர் என்று எவரும் இல்லாமற்போனார். மேயர் பதவியோ முதலிடம் பெற்ற பட்டியலுக்கே உரியதாயிற்று.

அம்முறையின் விசித்திரமான விளைவு 2006இல் வெளிப்பட்டது. நகரில் நெடுங்காலம் செல்வாக்குச் செலுத்திவந்த ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டதால், அக்கட்சி மூக்குக்கண்ணாடிச் சின்னத்தில் போட்டியிட்ட சுயேச்சைக் குழு ஒன்றை ஆதரித்தது; குழு வென்றது; முச்சக்கர வண்டிச் சாரதியான உவைஸ் மொகமட் இம்தியாஸ் மேயரானார். 2011 ஒக்டோபரில் ஐக்கிய தேசியக் கட்சி 53 ஆசனங்களில் 24ஐயும், ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 16ஐயும், மனோ கணேசனின் சனநாயக மக்கள் முன்னணி 6ஐயும் பெற்றன. எவருக்கும் பெரும்பான்மை இல்லை. ஆயினும் முதலிடம் பெற்ற பட்டியலின் ஏ. ஜே. எம். முசம்மில் நேராகவே மேயரானார்.

2018இல் வந்த கலப்பு முறையில் 60 வீத உறுப்பினர்கள் வட்டாரங்களிலிருந்தும் எஞ்சியோர் கட்சிப் பட்டியல்களிலிருந்தும் தெரிவாகின்றனர். ஒரு கட்சி பாதிக்கு மேல் பெற்றால் அது பெயரிடுபவரே மேயர். இல்லையேல் சபை வாக்களித்துத் தீர்மானிக்க வேண்டும். அவ்வாண்டு 119 ஆசனங்களில் 60ஐ வென்ற ஐக்கிய தேசியக் கட்சி அந்த எல்லையை ஓர் ஆசனத்தால் தாண்டியதால், ரோசி சேனாநாயக்க நகரின் முதல் பெண் மேயரானார்.

அதன் பின் 2023இல் நடக்கவேண்டிய தேர்தல் நிதியில்லை என்ற காரணத்தால் நின்றுபோனது. தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் ஒருவருமின்றி நாட்டின் தலையாய நகரம் ஈராண்டுக்கு மேல் அதிகாரிகளால் நடத்தப்பட்டதை, சாதாரண நிருவாகத் தாமதமாகக் கொள்ள முடியாது. அது குடிமக்களின் அடிப்படை உரிமை மீறல் என்றே 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

இறுதியில் 2025 மே 6இல் நடந்த தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 117 ஆசனங்களில் 48ஐயும், ஐக்கிய மக்கள் சக்தி 29ஐயும், ஐக்கிய தேசியக் கட்சி 13ஐயும் பெற்றன. பழைய விதியில் அன்றே முடிந்திருக்கக்கூடிய விடயம் ஜூன் 16 வரை நீடித்தது. அன்று நடந்த இரகசிய வாக்கெடுப்பில் தேசிய மக்கள் சக்தியின் விராய் கெலி பல்தசார் 61 வாக்குகளும், எதிரணியின் ரிசா சரூக் 54 வாக்குகளும் பெற்றனர். 48 பேரைக் கொண்ட கட்சிக்கு வெளியிலிருந்து வந்த வாக்குகளுள் ஒவ்வொன்றும் எவருடையது என்பதை, அந்த உறுப்பினர்களைத் தெரிவுசெய்து அனுப்பிய வாக்காளர் உறுதியாக அறிந்துகொள்ள வழியில்லை.