ஒரே பந்தி

சேர்வராயன் மலையிலே, வாழவந்தி போன்ற சிற்றூர்களிலே, காப்பிப் பழம் பறிக்கும் பருவம் வந்துவிட்டால், பனி விலகுமுன்பே தாய்மார் தோட்டத்திற்குப் புறப்பட்டாக வேண்டும். மூத்த பிள்ளை வீட்டில் நின்று இளையதைப் பார்த்துக்கொள்ளும். பள்ளி மணி அடிக்கும். பசித்த வயிற்றுக்கு அந்த ஒலி கேட்குமா? "ஏழைக்குப் படிப்பில் நாட்டமில்லை" என்று சாய்வு நாற்காலியில் இருந்தபடி தீர்ப்புக் கூறுவோர் உண்டு. நாட்டம் இல்லாமல் அல்ல தோழர்களே, நாழி அரிசி இல்லாமல்!

50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. நல்ல சட்டம். ஆனால் பத்துப் பேர் பழம் பறிக்கும் சிறு தோட்டத்தை அது எட்டவில்லை. அங்கே எட்டக்கூடியது பள்ளி ஒன்றுதான்.

எழுத்தறிவிக்குமுன் வயிற்றையும் எண்ண வேண்டும் என்பதை உணர்ந்த நிருவாகம் ஒன்று 1920-லேயே நம்மிடம் இருந்தது. நீதிக்கட்சியின் மூலவர்களில் ஒருவரான சர். பிட்டி தியாகராயர் தலைமையில், சென்னை மாநகராட்சி அவ்வாண்டு செப்டம்பர் 16-இல் தீர்மானம் இயற்றியது: ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி. வருகை கூடிற்று, மேலும் 4 பள்ளிகளுக்குத் திட்டம் பரவிற்று. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடலாகாது என்று வெள்ளையர் ஆட்சி தடுத்தது. 1925-இல் அது நின்றது. கதிரவன் மறையாத பேரரசுக்கு ஓரணா கனத்துவிட்டது!

அதே காலத்தில்தான் நெல்லைச் சீமையில் இன்னொரு பள்ளியின் சோறு நாட்டையே உலுக்கியது. சேரன்மாதேவி குருகுலத்தை நாம் மறக்கலாமா? நடத்தியவர் வ. வே. சு. ஐயர், நாட்டுக்காகத் துன்பங்கள் பல ஏற்றவர், அதை மறுப்பார் இல்லை. தமிழ்நாட்டுக் காங்கிரசு 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி 5,000 ரூபாய் தந்திருந்தது. பணம் ஊரார் பணம். பந்தியோ தனித்தனிப் பந்தி! பார்ப்பனப் பிள்ளைகள் இருவருக்குத் தனியே உணவு. பெற்றோர் கேட்டனர், இசைந்தோம் என்பது ஐயர் தரப்பு விளக்கம். கேட்டவர் இரு வீட்டார். ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரை யார் கேட்டார்? அவர்களும் பெற்றோர் அல்லரோ? பெரியாரும் வரதராசலு நாயுடுவும் போர்க்கொடி உயர்த்தினர். 1925 முடியுமுன் பெரியார் காங்கிரசை விட்டே வெளியேறினார். அதற்கான காரணங்களில் இந்தப் பந்தியும் ஒன்று.

பிள்ளைக்குச் சோறு போட்டால் மட்டும் போதுமா? அதை அவன் தலைநிமிர்ந்து உண்ண வேண்டாமா? 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவுக்குப் பின்னே இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் ஒருவர் இருந்தார்: பெரியாரிடம் பற்றுக் கொண்ட கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு. காங்கிரசு ஆட்சிதான், அதற்காக நன்மையை நன்மை என்று சொல்ல நாம் ஏன் தயங்க வேண்டும்? ஊர் மக்கள் தானியம் தந்தனர். பின்னர்ப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கூட்டி, கரும்பலகையும் பலகை இருக்கையும் சீருடையும் ஊராரிடமே திரட்டினர். கந்தல் உடுத்தவன் யார், பட்டு உடுத்தவன் யார் என்று பந்தியில் தெரியாமற் செய்தது அந்தச் சீருடை.

1982 சூலை முதல் நாள் ம. கோ. இரா. ஆட்சியில் சத்துணவு வந்தபோது அடுப்பங்கரை வேலை கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற மகளிருக்கும் பிழைப்பாயிற்று. பள்ளி இன்னொரு குடும்பத்தையும் தாங்கியது. 2022 செப்டம்பர் 15-இல் 1,545 பள்ளிகளில் காலை உணவு தொடங்கி, 2023 ஆகஸ்டு 25-இல் 31,008 அரசுப் பள்ளிகளுக்கு விரிந்தது. விடியுமுன் தோட்டத்திற்கு நடக்கும் மலைத்தாய்க்கு இதன் பொருளை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவள் மூட்டாத அடுப்பைப் பள்ளியில் மகளிர் குழுவினர் மூட்டினர்.

அந்த 2023-லேயே கரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், சமைப்பவர் தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண் என்று சொல்லிப் பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளை உண்ணவிடாமல் தடுத்தனர். மாவட்ட ஆட்சியர் அப்பள்ளிக்கே சென்று, அந்தப் பெண் சமைத்ததை உண்டு காட்ட நேர்ந்தது. சேரன்மாதேவிப் பூசல் நடந்து அப்போது 98 ஆண்டுகள் ஆகியிருந்தன.